கூடு எங்களுக்கு, இஞ்சின் அவர்களுக்கு

கையைக் கழுவியது போதும் தம்பி, வந்து உட்காருங்கள். அந்தக் கறை அவ்வளவு சீக்கிரம் போகாது. எலிப் புழுக்கையும் பழைய கிரீஸும் சேர்ந்தது. சட்டையில் ஒட்டடை வேறு. கொட்டகைச் சாவியை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள், அந்த வெள்ளிக் கோப்பைக்குள். ஆமாம், அதேதான் சோழவரம் கார் ரேஸ் கோப்பை. நீங்கள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்ததைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் அது சாவி போடுகிற பாத்திரம்.

காபி வரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே குடித்திருப்பீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம். அங்கே போய்விட்டுத்தான் இங்கே வந்தீர்கள். லோகாம்பாள் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். அவள் பேச்சும் அப்படித்தான். அவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. அவளோடு நான் பேசி எத்தனையோ காலமாகிறது. எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

வண்டிக் கூட்டைப் பார்த்துவிட்டீர்கள். உள்மரத்தைக் கரையான் தின்றுவிட்டது, தகரம் பொரிந்துவிட்டது, அந்தப் பக்கத்து இஞ்சின் மட்டும் நேற்று இறக்கியது போல இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உங்கள் முகத்தில் தெரிகிறது. உழைத்தது தேயும், சும்மா இருந்தது அப்படியே இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உங்கள் முதலாளிக்கு இரண்டும் வேண்டும். இரண்டையும் சேர்த்து, ஓடவிட்டு, பெங்களூரில் கண்ணாடி மண்டபத்தில் நிறுத்தி, முன்னால் பித்தளைத் தகடு அடிக்க வேண்டும். அந்தத் தகட்டுக்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். இந்த வண்டி சோழவரத்தில் ஜெயித்த அந்த வருஷம் அதை ஓட்டியது யார்? அச்சடித்த நிகழ்ச்சி நிரல் ஒரு பேர் சொல்கிறது, பத்திரிகை இன்னொரு பேர் சொல்கிறது, இரண்டு வீடும் சேர்ந்து எந்தப் பேரைச் சொல்கிறதோ அதை வெட்டுவோம் என்றீர்கள்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் என் பக்கத்தைக் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த வண்டியை இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் செய்தார்களாம். வால்பாறை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை கப்பலில் கொண்டுவந்தான். ஊரைவிட்டுப் போகும்போது என் மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்களுக்கு அப்போது பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஃபேக்டரி. லாரியில் வைத்து, பஞ்சுப் பொதிக்குப் போடுகிற படுதாவால் மூடிக் கொண்டுவந்து இறக்கினார்கள். படுதாவை எடுத்ததும் என் மாமியார் சொன்னார்: "என்னங்கடா இது, பல்லியாட்டத் தரையோட ஒட்டிக் கெடக்குது." அன்றிலிருந்து அதன் பேர் பல்லி. சோழவரத்தில் கூட்டம் "பல்லி, பல்லி" என்று கத்துமே, அது எங்கள் மாமியார் வைத்த பேர். உங்கள் தகட்டில் அதையும் போடலாம்.

வீட்டில் இரண்டு பையன்கள். மூத்தவர் தெய்வசிகாமணி, என் வீட்டுக்காரர். பேரைச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். இளையவர் சென்னியப்பன். ஒரு வண்டி, இரண்டு பேர். என் மாமனாருக்கு ரேஸ் தெரியாது, விவசாயம் தெரியும். பங்காளிகள் பொதுக் கிணற்றில் எப்படித் தண்ணீர் எடுக்கிறார்கள்? முறை வைத்து எடுக்கிறார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. வண்டிக்கும் அதையே சொல்லிவிட்டார். ஒரு வருஷம் சோழவரத்தில் மூத்தவன் ஓட்டட்டும், அடுத்த வருஷம் இளையவன். முறையில் வந்த தண்ணீர் முறைக்காரனுக்குச் சொந்தம். இதை மறந்துவிடாதீர்கள். என் பக்கத்து நியாயம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

எங்கள் முறையில் எப்போதும் ஏதாவது நடக்கும். ஒரு வருஷம் டயர் கிழிந்தது. ஒரு வருஷம் பிரேக் சரியில்லை. ஒரு வருஷம் வெயில் கண்ணில் அடித்தது. கொழுந்தனார் முறை வந்தால் மட்டும் டயரும் கிழியாது, வெயிலும் அடிக்காது. அவரவர் ஜாதகம்.

சோழவரம் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். யுத்த காலத்தில் ஆகாய விமானம் இறங்கப் போட்ட சிமென்ட்டுத் தரை அது. நடுவில் வைக்கோல் கட்டையும் தார் டிரம்மையும் வைத்து வளைவு பிரித்திருப்பார்கள். ஓலைப் பந்தல், புழுதி, மெட்ராஸ் சீமாட்டிகளின் கறுப்புக் கண்ணாடி. நாங்கள் லாரியில் கட்டுச்சோற்றோடு போய் இறங்குவோம். எங்களைப் பார்த்து, கோயம்புத்தூர்க்காரர்கள் பஞ்சு விற்க வந்துவிட்டார்கள் என்று சிரிப்பார்கள். பல்லி கிளம்பினால் சிரிப்பு நின்றுவிடும். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மற்ற வண்டிகள் கத்தும். இது பாடும். முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல், பிறகு படிப்படியாக ஏற்றம், உச்சியில் ஒரு நெடில், வளைவு வந்ததும் குறில் குறிலாக உடைந்து இறங்கும். யாப்பு படித்த காது எனக்கு. மூன்று வளைவும் இரண்டு நேர் நீளமும் எனக்குச் சத்தமாகவே மனப்பாடம்.

அந்த வருஷம் எங்கள் முறை. நிகழ்ச்சி நிரலில் அவர் பேரை அச்சடித்துவிட்டார்கள். முதல் நாள் ஒத்திகை ஓட்டத்தில் அவருக்கு முன்னால் போன மெட்ராஸ்காரர் ஒருவரின் வண்டி வளைவில் டிரம்மில் இடித்துக் குட்டிக்கரணம் போட்டது. ஆளைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான் ஈரத் துண்டோடு போனேன். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. உள்காய்ச்சல் அப்படித்தான் தம்பி, வெளியே தெரியாது. நான் உடனே எல்லோரிடமும் சொன்னேன், அவருக்குக் காய்ச்சல் என்று. அவர் வாய் திறக்குமுன் நான்தான் சொன்னேன்.

கொழுந்தனார் வந்தார். என் வீட்டுக்காரர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் தள்ளி நின்றேன், காதில் விழவில்லை. இளையவர் தலையை ஆட்டினார். "அண்ணனுக்குக் காய்ச்சல், நான் ஓட்டறனுங்க" என்று அவரும் அப்படியேதான் எல்லோரிடமும் சொன்னார். அதுவரைக்கும் சரி. அண்ணனின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அண்ணனின் முறையில், அண்ணன் பேரில் போய் உட்கார்ந்தார்.

ஜெயித்தார். நன்றாகத்தான் ஓட்டினார், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு எழுந்து போய் வைக்கோல் கட்டின்மேல் நின்று பார்த்தார். வண்டி ஒவ்வொரு சுற்று வரும்போதும் அவர் உடம்பு அதோடு சாய்ந்தது.

முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஹெல்மெட் மாட்டியவர் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அச்சடித்த பேரைச் சொன்னார்கள். "கோயம்புத்தூர் தெய்வசிகாமணி" என்று மைதானம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்த சீமாட்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கள் ஹஸ்பெண்டா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய்யா சொன்னேன்? அவர் என் ஹஸ்பெண்டுதானே.

என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷம்தான் தம்பி. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். முகம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் திருத்திச் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகையில் சென்னியப்பன். கழற்றாமல் இரண்டு நிமிஷம் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நேராக லாரிக்கு வந்திருக்கலாம். எங்கள் முறை அல்லவா அது! அதைத்தான் நான் மன்னிக்கவே இல்லை.

கழற்றியது கொழுந்தனார் இல்லை, அதுவும் உண்மைதான். என் வீட்டுக்காரரே ஓடிப்போய்த் தம்பியின் தாடை வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டை எடுத்துவிட்டு, கூட்டத்துக்கு அந்த முகத்தைக் காட்டினார். காய்ச்சலில் அவருக்கு நிதானம் இல்லை. நிதானம் இருக்கிற தம்பி கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டாமா?

இந்தாருங்கள், காபி. ஆறுவதற்குள் குடியுங்கள்.

கோப்பை வீட்டுக்கு வந்தது. நான் சண்டை போடவில்லை. ஹாலில் வைக்க வேண்டாம், எங்கள் அறையில் இருக்கட்டும் என்று மட்டும்தான் சொன்னேன். லோகாம்பாள் அப்போது புதுப் பெண். அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள், என் கையில் கொடுத்துவிட்டு, "சரிங்க்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்ததே அந்த ஒரு வார்த்தைதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் காய்ச்சலாக இருந்ததை நான் சொல்வேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? நான் சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். பெருமை பேசுவது அவருக்குப் பிடிக்காது.

மாமனார் போன பிறகு பாகப்பிரிவினை வந்தது. ஃபேக்டரி, தோட்டம், வீட்டு மனை எல்லாம் ஒழுங்காகப் பிரிந்துவிட்டன. பல்லி மட்டும் நின்றது. ஜெயித்த அந்த வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சோழவரம் போகவே இல்லை, அது சும்மாதான் நின்றிருந்தது. ஆனாலும் பங்கு என்றால் பங்குதானே. நியாயம் சொல்ல வந்தவர் எங்கள் பெரிய மாமா ஒருவர், வெள்ளக்கோவில் பக்கம். பஸ் தவிர வேறு எதிலும் ஏறாதவர். இரண்டு பேரையும் பார்த்து, "வண்டி ஆருக்கடா வேணும்?" என்றார். என் வீட்டுக்காரர், "தம்பி எடுத்துக்கட்டுங்க" என்று ஆரம்பித்தார். நான் சமையலறைக் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினேன். அவர் நிறுத்திவிட்டார்.

பெரிய மாமாவுக்குக் கதவுச் சத்தம் புரியும். "கெணத்தையே பங்கு வெக்கறோம். மோட்டார் ஒருத்தனுக்கு, மோட்டார் ரூம்பு ஒருத்தனுக்குன்னு பிரிக்கறதில்லையா? இதுலயும் கூடு ஒருத்தனுக்கு, இஞ்சின் ஒருத்தனுக்கு" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். ஆனால் இது கோயம்புத்தூர். தெருவுக்கு ஒரு ஃபவுண்டரி, சந்துக்கு ஒரு லேத்து. இந்த ஊரில் இஞ்சினுக்கா பஞ்சம்? கூடுதான் கிடைக்காது, அந்த வளைவும் நெளிவும் எவனாலும் தட்டி எடுக்க முடியாது. இஞ்சின் எதை வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் யோசித்தேன். கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னேன்: "கூடு எங்களுக்கு." கொழுந்தனார் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். முடிந்தது.

வேறு இஞ்சின் மாட்டிப் பார்த்தோம். ஒன்று கனம் தாங்காமல் மூக்குக் குத்திக்கொண்டது, மண்டியிட்ட மாடு மாதிரி. இன்னொன்று அவினாசி ரோட்டில் இருமி இருமி நின்றது. டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "பல்லி செத்துருச்சுங்களா?" என்று கேட்டார்கள். பல்லிக்கு வால் போனால் முளைக்கும் என்பார்கள். இதற்கு முளைக்கவில்லை. கொட்டகையில் நிறுத்திப் படுதாவைப் போட்டு மூடிவிட்டோம்.

அந்தப் பக்கம் கொழுந்தனார் இஞ்சினை என்ன செய்தார் தெரியுமா? கிணற்றுக்கு வைத்தார். சொல்லியிருப்பாளே லோகாம்பாள். சுவரோரம் கிணறு. சிமென்ட்டுத் திட்டு கட்டி, அதன் மேல் பல்லியின் இஞ்சினை உட்காரவைத்து, பெல்ட் போட்டுப் பம்போடு இணைத்துத் தென்னைக்குத் தண்ணீர் இறைத்தார். எப்பேர்ப்பட்ட இஞ்சின்! எங்களை அவமானப்படுத்த அதைவிட வேறு வழி உண்டா? அதற்குப் பெட்ரோல் வேறு. மண்ணெண்ணெயில் நடக்கிற வேலைக்குப் பெட்ரோல். ஊரே சிரித்தது. மழைக்காலத்தில் கிணறு வழிகிறபோதும் விடமாட்டார், தினம் சாயங்காலம் ஃபேக்டரி விட்டு வந்ததும் ஓட்டுவார். அதுவும் தண்ணீர் இறைக்கிறவன் ஓட்டுகிற மாதிரியா ஓட்டினார்? பம்புக்கு ஒரே சீராக ஓடினால் போதும். இவர் ஏற்றுவார், இறக்குவார், உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துவார், குறில் குறிலாக உடைப்பார். வாய்க்காலில் தண்ணீர் விக்கல் எடுத்த மாதிரி வருகிறது என்று தோட்டத்து ஆட்கள் பேசிக்கொள்வார்கள். தினம் அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இடத்தில் ஒரு மூச்சு. மூன்று வளைவு, இரண்டு நீளம். எனக்குத் தெரியாத சத்தமா? வேண்டுமென்றே எங்கள் காதில் விழச் செய்தார் தம்பி. ஜெயித்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு என்ன பாடுபட்டார் என்று எனக்குத்தான் தெரியும். சாயங்காலமானால் கொட்டகைக்குப் போய்விடுவார். படுதாவை ஒதுக்கி, இஞ்சின் இல்லாத வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வார். நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பார். அந்தப் பக்கம் சத்தம் ஏறினால் இவர் கை கியர்த்தடிக்குப் போகும். சத்தம் உடைந்து இறங்கும்போது இவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். முகமெல்லாம் வியர்வை. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எழ மாட்டார். பிறகு கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய், தலையிலிருந்து எதையோ கழற்றுவது போல ஒரு செய்கை. தலைவலி, வேறென்ன. வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். ராத்திரி மட்டும் நன்றாகச் சாப்பிடுவார், அதுவும் கோபத்தில்தான். சிலருக்குக் கோபம் வந்தால் பசிக்கும்.

அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. அதற்கு நான் காரணம் என்று சொந்தத்தில் சொல்வார்கள். பேச வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பேசினால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை வருஷம்தான் பொறுப்பது? ஒரு நாள் அவர் கொட்டகையிலிருந்து வரும்போது கண்ணில் தண்ணீர். எந்த மனைவி பார்த்துக்கொண்டு இருப்பாள்? மறுநாள் காலையில் சுவரோரம் போய் நின்றேன். லோகாம்பாள் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"லோகா, உங்க வீட்டார்கிட்டச் சொல்லு. அந்த இஞ்சின் சத்தம் ஆகறதில்லை. இங்க ஒரு மனுசன் அதைக் கேட்டே பாதியாயிட்டார்."

அவள் கையில் இருந்த வேட்டியைக் கொடியில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாண்டார் சொன்னாங்களாக்கா?" என்றாள், என் வீட்டுக்காரரை.

"நான் சொல்றேன். பத்தாதா?"

வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, "சரிங்க்கா" என்றாள். அதுதான் நாங்கள் இரண்டு பேரும் பேசிய கடைசிப் பேச்சு.

அன்று சாயங்காலம் சத்தம் இல்லை. அந்த வாரமே கரண்ட் மோட்டார் வைத்துவிட்டார்கள். அது தூங்குகிற பூனை மாதிரி ஒரே சீராக உறுமும். நிம்மதி. என் வீட்டுக்காரர் வழக்கம் போலக் கொட்டகைக்குப் போனார், வண்டிக்குள் உட்கார்ந்தார், இருட்டியதும் வந்தார். அடுத்த நாளும் போனார். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அந்தப் பக்கம் ஏன் நின்னுபோச்சு?"

"நாந்தான் சொல்லி நிறுத்தினேன். உங்களுக்காகத்தான்."

அவர் தட்டிலிருந்த சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்தார். கையைக் கழுவிவிட்டுப் போய்க் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு வந்தார். சாவியை இந்தக் கோப்பைக்குள் போட்டார். முதல் தடவை போட்டது அவர்தான். வெள்ளியில் இரும்பு விழுகிற சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு இந்த வீட்டில் சத்தமே இல்லை.

அடுத்த பஞ்சு சீசன் வருவதற்குள் போய்விட்டார். டாக்டர் ஏதோ இதயம் என்றார். வயசு என்று பெரிதாக இல்லை. ஆனால் அவர் உடம்பு எப்போதுமே பலவீனம்தான், அந்தக் காய்ச்சலிலிருந்தே.

கொழுந்தனார் வந்தார், வரத்தானே வேண்டும், பங்காளி. பாடையில் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரம் கொட்டகைக் கதவு முன்னால் போய் நின்றார். எதையாவது கழற்றிக்கொண்டு போகப்போகிறாரோ என்று நான் பின்னாலேயே போனேன். அவர் பூட்டைத் தொட்டபடி நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நங்கையா, நான் நிறுத்தியிருக்கக் கூடாதுங்க."

எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்று கூப்பிடுவார்கள். எதை நிறுத்தியிருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. இழவு வீட்டில் என்ன பேச்சு? போன ஐப்பசியில் அவரும் போனார். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், தீட்டுக் காத்தேன். முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். சுவரைத் தாண்டவில்லை.

இதுதான் தம்பி என் பக்கம். இப்போது சொல்லுங்கள், அந்தத் தகட்டில் யார் பேர் இருக்க வேண்டும்? முறை யாருடையது? ஒலிபெருக்கியில் முதலில் வந்த பேர் யாருடையது? அவள் புருஷன் பேரைத்தான் போட வேண்டும் என்று லோகாம்பாள் உங்களிடம் பிடிவாதம் பிடித்திருப்பாள். பிடிக்கட்டும். நான் விட மாட்டேன். தெய்வசிகாமணி என்று வெட்டினால்தான் கூடு வெளியே போகும்.

என்ன?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

தெய்வசிகாமணி என்றா? அவளா சொன்னாள்? அவள் வாயாலா?

கொழுந்தனார் சாகக் கிடந்தபோது சொல்லிவிட்டுப் போனாரா? அண்ணன் பேர்தான் முதலில் மைக்கில் வந்தது, அதுவே இருக்கட்டும் என்று? அந்தப் பேர் போட்டால்தான் இஞ்சினைக் கொடுப்பேன் என்று அவள் சொல்கிறாளா? இதை ஏன் நீங்கள் முதலிலேயே சொல்லவில்லை? நான் பேசவிடவில்லை, சரி. நான் பேசவிடவில்லை.

கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கோப்பையை இப்படிக் கொடுங்கள். சாவி இருக்கட்டும். சும்மா பார்க்கத்தான்.

பாருங்கள் தம்பி, நான் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மைதானம் முழுக்கக் கேட்ட அந்தப் பேர் மறுபடியும் ஒரு தடவை. இப்போது வந்துவிட்டது. பித்தளையில் வருகிறது, இனி யாரும் திருத்த முடியாது. ஆனால் யார் கையிலிருந்து வருகிறது? கோப்பையைத் துடைத்து என் கையில் கொடுத்தாளே, அதே கை. "சரிங்க்கா, இதையும் நீங்களே வெச்சுக்கங்க" என்கிறாள். கூட்டைக் கொடுத்தார்கள், கோப்பையைக் கொடுத்தார்கள், சத்தத்தை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். இப்போது பேரையும் கொடுக்கிறார்கள். வாங்கி வாங்கி வைத்துக்கொள்ள நான் என்ன மடியேந்திக்கொண்டா நிற்கிறேன்? நாளைக்கு உங்கள் மண்டபத்துக்கு வருகிறவன் எல்லாம் தகட்டைப் படிப்பான். அவளுக்கு மட்டும் தெரியும், அது அவள் போட்ட பிச்சை என்று. எனக்கும் தெரியும்.

வேண்டாம்.

எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டியவர் சென்னியப்பன். ஜெயித்தவர் சென்னியப்பன். மூத்த வீட்டில் இப்படித்தான் சொன்னார்கள் என்று எழுதுங்கள். உண்மை என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மை என்பது அவருக்குக் காய்ச்சல் இருந்தது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவள் கொடுத்து நான் வாங்கியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் கொடுத்து அவள் வாங்கியதாக இருக்கட்டும்.

சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே லாரி கொண்டுவந்தாலும் சரி. கோப்பை இங்கேயே இருக்கும். அது எங்கள் முறையில் வந்தது.

இரண்டு வீடும் ஒரே பேர் சொல்ல வேண்டும் என்றீர்களே, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இப்போதே அந்தப் பக்கம் போய் லோகாம்பாளிடம் சொல்லுங்கள், உங்க வீட்டார் பேரைத்தான் போடணும்னு உங்க அக்கா சொல்லிட்டாங்க என்று. அவள் மறுக்க மாட்டாள். அவள் ஒரு தடவைகூட என்னை மறுத்துப் பேசியதில்லை. "சரிங்க்கா" என்பாள், பாருங்கள். உங்களிடம் சொல்லும்போதும் அக்கா என்றுதான் வரும்.

அப்படிச் சொல்கிறாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.

போனில் வேண்டாம் தம்பி. நேரில் வந்து சொல்லுங்கள். காபி போட்டு வைக்கச் சொல்கிறேன்.